கடைச் சேனலில் எழுதும் வகை



நம் கடைவீதிகளில் பல கடைகளின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இப்பொழுது இரண்டு சதுரக் கட்டங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று பணம் செலுத்துவதற்குரிய கியூஆர் குறி. மற்றது "எங்கள் சேனலில் சேருங்கள்" என்று அழைக்கும் குறி. முதலாவதை வாடிக்கைக்காரர் தினமும் உபயோகிக்கிறார். இரண்டாவதை ஒரே தடவை உபயோகித்துச் சேர்ந்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் அதன் சத்தத்தை அடைத்துவிடுகிறார். அவர் ஏன் அடைக்கிறார், அடைக்காமல் இருக்க நாம் எவ்வாறு எழுதவேண்டும் என்பதுவே இப்பாடத்தின் விஷயம்.

முதலில் சேனல் என்பது இன்னதென்று தெளிவாகத் தெரிந்துகொள்வோம். அநேகர் இதைக் குரூப்புடன் சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். குரூப் என்பது எல்லோரும் பேசும் திண்ணை. அதில் சேர்ந்தவர்களின் தொலைபேசி எண் மற்றவர்களுக்குத் தெரியும். வாடிக்கைக்காரர்களைக் கேட்காமலே ஒரு குரூப்பில் சேர்த்துவிடும் கடைக்காரர், ஒரு வீட்டுப் பெண்மணியின் எண்ணை முந்நூறு அந்நியர் கையில் கொடுத்துவிடுகிறார். அவர் அதை உத்தேசித்திருக்க மாட்டார். ஆனால் நடப்பது அதுதான். சேனலில் அப்படியில்லை. கடைக்காரர் பேசுவார், மற்றவர் கேட்பர். சேர்ந்தவர் ஒருவரை ஒருவர் அறியார். விருப்பமுள்ளவர் தாமே வந்து சேர்வதால், சிங்கப்பூரில் 2014 முதல் நடப்பிலிருக்கும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டை மீறி யார் எண்ணுக்கும் விளம்பரம் அனுப்பிய குற்றத்துக்கு ஆளாகும் சங்கடமும் இதில் குறைவு.

டெலிகிராமில் சேனல் 2015ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் 2023 ஜூன் மாதத்தில்தான் வந்தது. அதை முதன்முதலாகப் பரீட்சித்துப் பார்த்த இரண்டு நாடுகளில் ஒன்று சிங்கப்பூர், மற்றது கொலம்பியா. அவ்வாண்டு முடிவதற்குள் மலேசியா உட்பட 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவிவிட்டது. இவ்விரண்டுக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. வாட்ஸ்அப் சேனலில் போட்ட செய்தி 30 நாட்கள்தான் அவர்களுடைய கிடங்கில் இருக்கும். டெலிகிராமில் நாம் அழிக்கும்வரை இருக்கும். ஆகவே இன்றைய விலைக்கு இரண்டும் சரியே. வருஷம் முழுவதும் தேடி எடுத்துப் பார்க்கவேண்டிய சமையல் குறிப்பு, சரக்கின் விளக்கம் முதலியவற்றுக்கு டெலிகிராமே ஏற்றது.

இனி எழுதும் வகைக்கு வருவோம்.

வகைகளில் முதலாவதும் நமக்குச் சோறு போடுவதும் விலைச் செய்தி. இதைத்தான் நம்மவர் மிகவும் கெடுத்து வைத்திருக்கிறோம். ஒரு கடைச் செய்தி இப்படித் தொடங்குகிறது: "எங்கள் மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய வாடிக்கையாளப் பெருமக்களே! உங்கள் பேராதரவுடன் பல்லாண்டுகளாக வெற்றி நடைபோடும்..." இப்படியே ஒன்பது வரி சென்று, பத்தாவது வரியில் அரிசி வருகிறது. விலை வரவேயில்லை. கைப்பேசி மேசைமேல் கிடக்கும்போது அதன் திரையில் தெரிவது முதல் ஒன்றிரண்டு வரிகள்தான். அந்த இரண்டு வரியில் ‘பேராதரவு’ இருந்தால், பார்த்தவர் திறக்கமாட்டார். அரிசியும் விலையும் இருந்தால், அரிசி வாங்க வேண்டியவர் திறப்பார், வேண்டாதவர் விட்டுவிடுவார். வேண்டாதவர் விட்டுவிடுவதும் நமக்கு லாபமே. அவர் நேரத்தை நாம் வீணாக்கவில்லை.

நாம் எழுதும் மாதிரி இது. விலை உதாரணத்துக்காக மட்டுமே.

"பாசுமதி அரிசி, 5 கிலோ பை, 38 வெள்ளி.
நேற்று இறக்கிய சரக்கு.
சனிக்கிழமை இரவு கடை அடைக்கும்வரை இவ்விலை.
60 பை இருக்கிறது. எடுத்து வைக்க வேண்டுமானால் கடை எண்ணுக்குச் சொல்லுங்கள்."

நான்கே வரிகள். பொருள், அளவு, விலை முதல் வரியில். சரக்கின் தன்மை இரண்டாவதில். எதுவரை என்பது மூன்றாவதில். எவ்வளவு இருக்கிறது, என்ன செய்யவேண்டும் என்பவை நான்காவதில். இதில் மூன்றாவது வரியும் நான்காவது வரியும் நம் நாணயத்தைச் சார்ந்தவை. சனிக்கிழமை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை விலை மாறவேண்டும். அறுபது பை என்று சொன்னால் அறுபது இருக்கவேண்டும். ‘கடைசி நாள்’, ‘கடைசிப் பத்துப் பை’ என்று வாரந்தோறும் எழுதும் சேனலை ஜனங்கள் சீக்கிரமே கண்டுகொள்கிறார்கள். அப்புறம் உண்மையிலேயே கடைசிப் பத்துப் பை மிஞ்சும்போது யாரும் வருவதில்லை.

விலையை மறைத்துத் "தனியாகக் கேளுங்கள்" என்று எழுதும் பழக்கம் மலேசியாவில் ‘பி.எம். தெப்பி’ என்ற பெயரில் பிரசித்தம். கேட்கிறவர் முகத்தைப் பார்த்து விலை சொல்வதற்கே இது வழி என்று வாங்குகிறவர் நினைக்கிறார்; அவர் நினைப்பது பல இடங்களில் சரியுங்கூட. அதோடு, இணையவழி விற்போர் பொருளின் முழு விலையையும் வியாபாரப் பெயரையும் பதிவு எண்ணையும் காட்டவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டு விதிகள் முதற்கொண்டே மலேசியச் சட்டம். உள்நாட்டு வாணிப அமைச்சு இதைப் பலமுறை எச்சரித்துமிருக்கிறது. கடையில் விலைச்சீட்டு ஒட்டுகிறோம். சேனலும் கடையின் ஓர் அலமாரியே.

படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. விலையையும் விவரத்தையும் படத்துக்குள்ளேயே அச்சடித்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள் போட்டு அனுப்புகிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடினால் அகப்படாது, நகல் எடுக்கவும் சௌகரியமில்லை, வயதானவர் கண்ணுக்குப் புலப்படாது. பொருளின் படம் ஒன்று, வெளிச்சத்தில் எடுத்தது, பையின் பெயர் தெரியும்படி. எழுத்தெல்லாம் படத்துக்குக் கீழே. டெலிகிராமில் ஒரே தடவையில் பத்துப் படம் வரை சேர்த்துப் போடலாம். போடலாம் என்பதற்காகப் பத்தும் போடவேண்டியதில்லை. பத்துச் சரக்கை ஒன்றாகக் காட்டினால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

எழுத்தென்றால் எந்தப் பாஷை என்ற கேள்வி வரும். நம் கடைக்கு வருவோரில் பாதிப்பேர் மலாய்க்காரர். நம் பிள்ளைகளிலும் தமிழ் பேசுவர், படிக்கமாட்டார் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். ஆகவே தமிழில் நான்கு வரி, அதன் கீழ் மலாயில் நான்கு வரி. சிங்கப்பூர் அன்பர்கள் மலாய்க்குப் பதில் இங்கிலீஷ் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பாஷை சேர்த்தால் செய்தி நீண்டு போகும், யாரும் படிப்பதில்லை. சரக்கின் பெயரை மாத்திரம் வாடிக்கைக்காரர் எப்படிக் கேட்பாரோ அப்படி எழுதவேண்டும். வெந்தயம் மலாய்க்காரருக்கு ஹல்பா. மல்லி கெத்தும்பார். சீரகம் ஜிந்தான் பூத்தே, சோம்பு ஜிந்தான் மானிஸ். வெறும் ‘ஜிந்தான்’ என்று எழுதினால் ஒன்றைக் கேட்க வந்து மற்றொன்றை வாங்கிப்போய், மறுநாள் திருப்பிக் கொண்டுவருவார். இந்தப் பெயர்கள் எழுத்தில் இருந்தால், ஆறு மாதம் கழித்து ஒருவர் நம் டெலிகிராம் சேனலில் ‘ஹல்பா’ என்று தேடினாலும் நம் செய்தி அகப்படும்.

படிக்கமாட்டாத பெரியவர்களுக்குக் குரல் செய்தி நல்ல உபாயம். வாட்ஸ்அப் சேனலிலும் 2024 ஆரம்பம் முதல் இவ்வசதி இருக்கிறது. ஆனால் பேச உட்கார்ந்தால் நிறுத்தத் தெரியாதவர் நம்மில் அநேகர். அரை நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். சலாம் சொல்லி, கடைப் பெயர் சொல்லி, பொருளையும் விலையையும் இரண்டு தடவை சொல்லி முடித்துவிடலாம். மசாலா அரைக்கும் இயந்திரம் ஓடும்போது பேசக்கூடாது. முதலாளியின் குரலிலேயே இருப்பது உத்தமம். வேலையாளின் குரல் எவ்வளவு தெளிவாயிருந்தாலும், கேட்கும் பாட்டி "இது நம்ம பாய் இல்லையே" என்று சொல்லிவிடுவார். குரலுக்குக் கீழே அதே விஷயத்தை ஒரு வரி எழுதியும் விடவேண்டும். பஸ்ஸில் இருப்பவர் காதுக் கருவி இல்லாமல் கேட்கமாட்டார்.

அடுத்தது வாக்கெடுப்பு. இது விளையாட்டுக்கு அல்ல, கொள்முதலுக்கு. நோன்பு வருமுன் எந்தப் பேரீச்சம்பழத்தை எத்தனை பெட்டி எடுப்பது என்பது வருஷந்தோறும் நமக்கு வரும் தலைவலி. மிஞ்சினால் பணம் முடங்கும். குறைந்தால் வாடிக்கைக்காரர் பக்கத்துக் கடைக்குப் போய், அங்கேயே தங்கிவிடுவார். ஷஃபான் மாதத் தொடக்கத்தில் சேனலில் ஒரு வாக்கெடுப்பு வைத்து, அஜ்வா, மெஜூல், டெக்லட் நூர் என்று மூன்றையும் தோராய விலையோடு எழுதி, நான்காவதாக ‘இவ்வருஷம் வேறிடத்தில் வாங்குகிறேன்’ என்பதையும் சேர்க்கவேண்டும். இந்த நான்காவதை நம்மவர் சேர்ப்பதில்லை. அது இல்லாவிட்டால் வாங்க உத்தேசமில்லாதவரும் ஏதோவொன்றைத் தொட்டுவிடுவார்; கணக்கு பொய்யாகிவிடும். விலை எழுதாமல் கேட்டாலும் அப்படியே. விலையில்லாமல் கேட்டால் எல்லோரும் அஜ்வாதான் விரும்புவார்கள்.

டெலிகிராம் சேனலில் யார் வாக்களித்தார் என்று நமக்குத் தெரியாது, எண்ணிக்கை மாத்திரமே தெரியும். எனவே வாக்கு வேறு, ஆர்டர் வேறு. வாக்கின் எண்ணிக்கையில் பாதியை வைத்துக் கொள்முதல் செய்வதும், மீதிக்கு மொத்த வியாபாரியிடம் சொல்லி வைப்பதும் நம் வழக்கம். முடிந்த பிறகு முடிவைச் சொல்லவேண்டும்: "அதிகம் பேர் மெஜூல் கேட்டிருக்கிறீர்கள். வியாழக்கிழமை வருகிறது." கேட்டுவிட்டுப் பதில் சொல்லாத கடைக்கு அடுத்த தடவை யாரும் வாக்களிப்பதில்லை.

டெலிகிராமில் 2020 முதல் ‘வினா’ என்றொரு வகையும் உண்டு. பதில்களில் ஒன்றே சரி. தொட்டவுடன் சரியா தவறா என்று தெரிந்துவிடும். இதை நாம் சரக்கறிவுக்கு உபயோகிக்கிறோம். இரண்டு பட்டைகளின் படத்தைப் போட்டு, "இவற்றில் இலங்கைக் கறுவாப்பட்டை எது?" என்று கேட்டோம். ஒன்று மெல்லிய தோல்கள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டு, கையால் நொறுக்கினால் நொறுங்குவது. மற்றது தடித்த ஒற்றைத் தோல், கெட்டியானது, சீனத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வருவது. பெரும்பாலோர் கெட்டியானதையே தொட்டார்கள், அதைத்தான் வீட்டில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். விளக்கத்தை மறுநாள் போட்டோம். இலங்கைப் பட்டைக்கு ஏன் இவ்வளவு விலை என்று கல்லாவில் நடக்கும் தர்க்கம் அதன்பிறகு வெகுவாகக் குறைந்தது. வாடிக்கைக்காரருக்குச் சரக்கு தெரிந்தால் நமக்குக் கஷ்டம் என்று சிலர் நினைக்கிறார்கள். கலப்படக்காரருக்குத்தான் அது கஷ்டம்.

சமையல் குறிப்பைப் போல் வேலை செய்யும் வகை வேறில்லை. "வெந்தயம் கிலோ இவ்வளவு" என்று எழுதினால் வெந்தயம் மாத்திரம் விற்கும், அதுவும் விற்றால். நோன்புக் கஞ்சிக் குறிப்பு எழுதினால் ஒரு குறிப்பில் ஏழு சரக்கு போகும். ஐந்து பேருக்கு நொய்யரிசி ஒரு குவளை, பாசிப்பருப்பு கால் குவளை, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, இஞ்சி, பூண்டு, வெங்காயம், கொத்துக்கறி, ஒரு தேங்காயின் பால், இந்நாட்டு வழக்கப்படி இரண்டு பாண்டான் இலை. அளவைத் திட்டமாக எழுதவேண்டும். ‘தேவையான அளவு’ என்று எழுதும் குறிப்பு புதிதாய்க் கல்யாணமான பெண்ணுக்கு எதற்கு உதவும்? கடைசியில் ஒரே வரி: "இவை யாவும் ஒரே பையாகக் கட்டி வைத்திருக்கிறோம், விலை இவ்வளவு, கறியும் தேங்காய்ப்பாலும் நீங்கலாக." குறிப்பை வாசித்தவர் தம் குடும்பக் குரூப்புகளுக்கு அனுப்புவார். சேனலிலிருந்து அனுப்பிய செய்தியின் தலையில் நம் சேனலின் பெயர் கூடவே போகும். அதைத் தொட்டால் நம்மிடமே வந்து சேரும். காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம் இவ்வளவு தூரம் போவதில்லை.

குறிப்பை வேறிடத்திலிருந்து எடுத்துப் போடுகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். தமிழகத்துக் குறிப்புகளில் கசகசா சர்வசாதாரணமாக வரும். சிங்கப்பூரில் அது அனுமதியின்றிக் கொண்டுவரக் கூடாத பொருள். போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்காணிப்பில் உள்ளது. அங்குள்ள வாடிக்கைக்காரர் நம் குறிப்பை நம்பி, ஊரிலிருந்து வருபவரிடம் ஒரு பொட்டலம் கேட்டனுப்பினால் யாருக்குக் கஷ்டம்? குறிப்பில் முந்திரிப் பருப்பு என்று மாற்றி எழுதினால் போயிற்று.

வதந்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறோம். ஒரு பிஸ்கட்டின் பெயரைப் போட்டு, அதில் இன்ன கொழுப்பு இருக்கிறது, ஹலால் அல்ல, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று ஒரு செய்தி ஆண்டுக்கு ஒரு தடவையாவது வந்து சேரும். தனியாள் அதை அனுப்பினால் நாலு பேர் பார்ப்பர். கடைச் சேனலில் போட்டால், "பாய் கடையே சொல்லிவிட்டது" என்று அது சாட்சியாகிவிடும். அந்தப் பண்டத்தைச் செய்கிறவரும் விற்கிறவரும் நம்மைப் போல் குடும்பஸ்தர்கள். மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ், இரண்டும் ஹலால் சான்று பெற்றவற்றின் பட்டியலை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஐந்து நிமிஷ வேலை. பார்த்தபின், வாடிக்கைக்காரர் கேட்டிருந்தால் மட்டும், "பட்டியலில் இருக்கிறது, இன்று பார்த்தோம்" என்று தேதியிட்டு எழுதலாம். கேளாத கேள்விக்குப் பதில் எழுதி வதந்தியை நாமே பரப்ப வேண்டாம்.

அது போலவே, பாக்கி வைத்திருப்பவர் பெயரைப் பொதுவில் போடுவது. சில கடைகள் செய்வதைக் கண்டிருக்கிறோம். பணம் வருகிறதோ இல்லையோ, பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற முந்நூறு பேரும் இனி அக்கடையில் கடன் சொல்லவும் மாட்டார்கள், ரொக்கத்துக்கும் போகமாட்டார்கள்.

தவறான விலை போய்விட்டால் செய்வது என்ன? இரண்டு செயலியிலும் போட்ட செய்தியைத் திருத்த முடியும். ஆனால் 38 என்பதைச் சத்தமில்லாமல் 48 ஆக்கினால், 38ஐப் பார்த்துவிட்டுப் புறப்பட்டவர் கல்லாவில் நின்று கைப்பேசியைக் காட்டும்போது அதில் 48 இருக்கும். அவருக்குத் தம் கண்ணே பொய் சொன்னதுபோல் ஆகிவிடும். பழைய செய்தியைத் தொட்டு, அதற்குப் பதிலாகவே ‘திருத்தம்’ என்று தனியாக எழுதி, திருத்தத்துக்கு முன் பார்த்து வருபவருக்கு அன்று மாலைவரை பழைய விலையையே கொடுப்பது வியாபார மரியாதை. சில பையில் நஷ்டம் வரும். வரட்டும்.

எத்தனை தடவை எழுதுவது? நாம் வாரத்துக்கு மூன்று என்று வைத்திருக்கிறோம்: திங்கள் விலை, புதன் குறிப்பு அல்லது வினா, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வெகு முன்பாகவே வார இறுதிச் சரக்கு. நேரம் எப்பொழுதும் காலை பத்து. செய்தியை இரவே எழுதி, நேரம் குறித்து வைத்துவிட்டால் டெலிகிராம் தானே போட்டுவிடும். 2020இல் கொவிட் நோய்க் காலத்தை அன்பர்கள் ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். மலேசியாவில் சுகாதார அமைச்சின் டெலிகிராம் சேனலையும், சிங்கப்பூரில் அரசாங்கம் நான்கு மொழிகளிலும் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் ஜனங்கள் காத்திருந்து பார்த்தார்கள். பயம் ஒரு காரணம். ஆனால் எண்ணிக்கை முதலில், விவரம் பிறகு என்று நாள்தோறும் ஒரே அமைப்பில் வந்ததால், எங்கே எதைப் பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தது. 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ நடத்தியதும் வாரப் பத்திரிகையாகத்தான். வரும் நாள் தெரிந்திருந்தால் காத்திருப்பார் இருப்பர்.

காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ, வெள்ளிக்கிழமைக்கு மினுமினுக்கும் படம், யாரோ அனுப்பிய வைத்தியம் இவையெல்லாம் சேனலில் வேண்டாம். மனம் கேட்காதவர்கள் ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்ளலாம். அது 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும்.

டெலிகிராமில் ஒவ்வொரு செய்தியின் கீழும் கண் அடையாளத்துடன் ஓர் எண் வரும், எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று. சேர்ந்தவர் 400, விலைச் செய்தியைப் பார்த்தவர் 180, குறிப்பைப் பார்த்தவர் 520 என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்தவரைவிடப் பார்த்தவர் எப்படி அதிகம் என்று திகைக்க வேண்டாம். வெளியே அனுப்பப்பட்டுப் பார்த்ததும் அதில் சேரும். இதை மாதம் ஒரு தடவை கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைத்தால், எந்த வகையை விடலாம், எதை வளர்க்கலாம் என்று தெரிந்துவிடும்.

இனி ஓர் எச்சரிக்கை. 2023இல் சிங்கப்பூரில் உணவுப்பொருள் விற்பதாகச் சமூக வலைத்தளத்தில் விளம்பரம் செய்து, வாட்ஸ்அப்புக்கு அழைத்து, "இச்செயலியை இறக்கி ஆர்டர் செய்யுங்கள்" என்று ஏபிகே கோப்பொன்றை அனுப்பி, இறக்கியவர்களின் பேங்குக் கணக்கைத் துடைத்த மோசடிகள் பல நடந்து, போலீஸார் எச்சரிக்கை விடுத்தனர். நம் கடைப் பெயரில் யாரேனும் போலிச் சேனல் திறந்தாலும் நம் வாடிக்கைக்காரருக்கு வித்தியாசம் தெரியாது. ஆகையால் சேனலில் சேரும் குறி கடைச் சுவரிலும் ரசீதிலும் மாத்திரம் இருக்கட்டும். சேனலின் தலையில் ஒரு செய்தியை நிலையாகக் குத்தி வைக்கும் வசதி டெலிகிராமில் உண்டு. சேனல் தொடங்கும் அன்பர்கள் முதல் நாள் எழுதிக் குத்தி வைக்கவேண்டியது ஏறக்குறைய இவ்வாறு:

"இது இன்ன தெருவில் உள்ள இன்ன மளிகைக் கடையின் சேனல். பதிவு எண் இது. கடை எண் இது. காலை 8 முதல் இரவு 9 வரை. வெள்ளி மதியம் 12.30 முதல் 2.30 வரை அடைப்பு. வாரம் மூன்று செய்தி வரும், அதற்கு மேல் வராது. பணம் செலுத்தும்போது திரையில் இந்தக் கடைப் பெயர் தெரியவேண்டும். வேறு பெயர் வந்தால் செலுத்தவேண்டாம், கடைக்கு அழையுங்கள். நாங்கள் எந்தச் செயலியையும் இறக்கச் சொல்லமாட்டோம், பேங்கு எண்ணும் கேட்கமாட்டோம். அரிசி பருப்பு மாத்திரமே விற்கிறோம்."